சாயம் போகுமா? ஸ்க்வூஷ் கருவியில் சுங்குடிச் சேலைகளை அலசிப் பார்த்த அனுபவம்

சேலை வாங்க வருபவர் விலையைக் கேட்பதற்கு முன்பே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சாயம் போகுமா?" மதுரையில் சுங்குடிச் சேலை விற்கும் என் அக்கா, இதற்கு வாயால் பதில் சொல்வதில்லை, முந்தானையின் ஓரத்தை நனைத்து, வெள்ளைக் கைக்குட்டையில் தேய்த்துக் காட்டிவிடுவார். அவருடைய கடைக்கு ஓர் இணையதளம் அமைத்து, படம் எடுத்துப் போடும் வேலையை நான் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து, அதே கேள்வியை ஒவ்வொரு படக் கோப்பிடமும் நான் கேட்க வேண்டியதாயிற்று. கேமராவிலிருந்து வாங்குபவரின் கைப்பேசித் திரை வரைக்கும் ஒரு படம் கடக்கும் வழியில் நிறம் சிந்தக்கூடிய இடங்கள் பல. அந்த இடங்களில் எத்தனையை, கூகுளின் குரோம் லேப்ஸ் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஸ்க்வூஷ் என்ற இலவசப் படச் சுருக்கி அடைத்துக் கொடுக்கிறது, எத்தனையை நம் பொறுப்பில் விட்டுவிடுகிறது என்பதைத்தான் இந்த மதிப்புரையில் எழுத விரும்புகிறேன்.

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். தளம் தொடங்கிய புதிதில் அரக்கு நிறச் சேலை ஒன்றை வாங்கிய அம்மையார் அதைத் திருப்பி அனுப்பினார். சாயம் மங்கலாக இருந்தது என்பது அவர் குறையன்று. படத்தில் பார்த்ததைவிடச் சேலை பளிச்சென்று இருந்தது என்பதுதான் குறை. வயதான தம் தாய்க்கு அடக்கமான நிறமாகப் பார்த்து வாங்கியவரிடம், வாங்கிய பொருள் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருக்கிறதே என்று வாதாட முடியவில்லை. காரணத்தைத் தேடியபோது அகப்பட்டது என் கேமராவின் ஓர் அமைப்பு. நிறம் அதிகம் கிடைக்கும் என்ற நினைப்பில், வண்ணவெளியை, அதாவது எந்த எண் எந்த நிறத்தைக் குறிக்கும் என்று வரையறுக்கும் முறையை, அடோபி ஆர்ஜிபி என்ற அகன்ற வகைக்கு நான் மாற்றி வைத்திருந்தேன். என் கேமரா, எண்களை எந்த வண்ணவெளியில் படிப்பது என்று சொல்லும் கலர் புரொஃபைலைக் கோப்புக்குள் வைக்காமல், கோப்புப் பெயரின் முதல் எழுத்தை அடிக்கோடாக்கி, உள்ளே ஒரு சிறு குறிப்பை மட்டும் எழுதும் வகையைச் சேர்ந்தது. உலாவிகள் அந்தக் குறிப்பைப் பொருட்படுத்துவதில்லை. புரொஃபைல் இல்லாத கோப்பை, இணையத்தின் வழக்கமான வண்ணவெளியாகிய எஸ்ஆர்ஜிபி என்றே அவை எடுத்துக்கொள்கின்றன.

இதனால் நிறம் எவ்வளவு குறையும் என்பதற்கு ஒரே ஒரு கணக்குப் போதும். எஸ்ஆர்ஜிபியில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் 255, 0, 0 என்று எழுதப்படும் முழுச் சிவப்பு, அடோபி ஆர்ஜிபியில் 219, 0, 0 என்று எழுதப்படுகிறது. நிறம் ஒன்றுதான், எழுதும் முறைதான் வேறு. எந்த முறையில் எழுதினோம் என்ற குறிப்பு தொலைந்துபோனால், உலாவி அந்த 219ஐ எஸ்ஆர்ஜிபியின் 219 என்றே படித்து, மங்கிய சிவப்பைக் காட்டுகிறது. ஐபோன் 7 முதல் ஆப்பிள் கைப்பேசிகள் பயன்படுத்தும் டிஸ்ப்ளே பி3 வண்ணவெளியில் அதே சிவப்பு ஏறத்தாழ 234, 51, 35 ஆகும். புரொஃபைல் கழன்றுவிட்டால் அது செங்கல் நிறமாகத் தெரியும். இணையத்தில் காணும் வெளிறிய துணிப் படங்களில் பெரும்பகுதிக்குக் கேமராவோ விளக்கோ காரணமாக இருப்பதில்லை என்றும், இந்த மொழிபெயர்ப்புப் பிழையே காரணம் என்றும் நான் இப்போது கருதுகிறேன்.

இனிக் கருவிக்கு வருவோம். ஸ்க்வூஷை நிறுவ வேண்டியதில்லை. உலாவியில் அதன் பக்கத்தைத் திறந்து, படத்தை இழுத்துப் போட்டால் போதும். படம் எந்தச் சேவையகத்துக்கும் அனுப்பப்படுவதில்லை. ஜேபெக், வெப்பி, ஏவிஃப் ஆகிய படக் கோப்பு வடிவங்களுக்கான சுருக்கும் நிரல்கள், உலாவியில் ஓடுவதற்கென்றே உள்ள வெப்அசெம்பிளி வடிவில் உலாவிக்குள்ளேயே ஓடுகின்றன. ஆகவே ஒருமுறை திறந்துவிட்டால் பிறகு இணைய இணைப்பு இல்லாமலும் வேலை செய்யும். திரையின் நடுவே ஒரு கோடு ஓடுகிறது. இடப்பக்கம் மூலப் படம், வலப்பக்கம் சுருக்கிய படம். கோட்டை அங்குமிங்கும் நகர்த்தி, சேலையின் ஒரே மடிப்பை இரண்டு வடிவிலும் மாறி மாறிப் பார்க்கலாம். கீழே கோப்பின் அளவும், எத்தனை விழுக்காடு குறைந்தது என்பதும் உடனுக்குடன் தெரியும். இந்த ஒப்பீட்டு வசதி ஒன்றுக்காகவே இதைப் பரிந்துரைக்கலாம், ஏனென்றால் தர எண்ணை மட்டும் நம்பிச் சுருக்குபவர், கழுவிய பிறகுதான் சாயம் போனதைப் பார்க்கிறார்.

ஆனால் அந்தக் கோட்டின் இடப்பக்கத்தை முழுதாக நம்பக் கூடாது. ஸ்க்வூஷ் உள்ளே வாங்கும் படத்தை உலாவியே பிரித்துக் கொடுக்கிறது. அப்படிப் பிரிக்கும்போதே, கோப்பில் உள்ள புரொஃபைலைப் படித்து, நிறங்களை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிடுகிறது. இது ஒரு விதத்தில் பெரிய உதவி: புரொஃபைலோடு வரும் அடோபி ஆர்ஜிபி படமோ பி3 படமோ, நான் சொன்ன வெளிறல் இல்லாமல் சரியான எண்களோடு வெளியே வருகிறது. இன்னொரு விதத்தில் அது கண்ணுக்குத் தெரியாத கத்திரி. எஸ்ஆர்ஜிபிக்குள் அடங்காத நிறம் எதுவோ அது விளிம்பில் வெட்டப்படுகிறது, வெட்டப்பட்டதும் தெரிவதில்லை, ஏனெனில் இடப்பக்கத்தில் மூலம் என்று காட்டப்படுவதே மாற்றம் நடந்து முடிந்த வடிவம். அகன்ற வண்ணத் திரை வைத்திருப்பவர்கூட இங்கே இரு பக்கமும் ஒன்றாக இருப்பதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் இழக்கவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

இந்த வெட்டு எல்லா நிறத்துக்கும் ஒரே அளவில் விழுவதில்லை. 1996இல் ஹியூலெட் பேக்கார்டும் மைக்ரோசாஃப்டும் முன்மொழிந்த எஸ்ஆர்ஜிபி, அன்றைய கண்ணாடிக் குழாய்த் திரைகளின் வரம்பை அளவாகக் கொண்டது. பச்சைக்கும் நீலத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் அது மிகவும் குறுகியது. அடோபி ஆர்ஜிபியும் அதுவும் சிவப்பு முனையையும் நீல முனையையும் பகிர்ந்துகொள்கின்றன. பச்சை முனையில்தான் வேறுபாடு. சேலைக் கணக்கில் சொன்னால், அரக்கும் மாம்பழ மஞ்சளும் பெரும்பாலும் தப்பிவிடும், மயில்கழுத்து அடிபடும். அக்காவின் கடையில் இருக்கும் மயில்கழுத்துச் சேலையை எத்தனை முறை எடுத்தாலும் திரையில் அது சற்றே சாதுவான நீலப்பச்சையாகத்தான் வந்து நிற்கிறது.

ஆகவே ஸ்க்வூஷில் போடுவதற்கு முன்பே, நிறம் பார்க்கத் தெரிந்த ஒரு மென்பொருளில் எஸ்ஆர்ஜிபி மாற்றத்தைச் செய்துகொள்வது நல்லது. நான் இதற்கு கிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். ஃபோட்டோஷாப் உள்ளவர்கள் அதன் பழைய 'சேவ் ஃபார் வெப்' சாளரத்தில் 'கன்வெர்ட் டு எஸ்ஆர்ஜிபி' என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். மாற்றும்போது 'பெர்செப்சுவல்' என்ற வழியைத் தேர்ந்தால் நிறங்கள் பக்குவமாகச் சுருங்கும் என்று பலர் அறிவுரை சொல்வார்கள். ஆனால் வழக்கமான எஸ்ஆர்ஜிபி புரொஃபைலில் அதற்குரிய அட்டவணையே கிடையாது. எதைத் தேர்ந்தாலும் நடப்பது வெட்டுதான். அதனால் மாற்றத்துக்கு முன்னரே, எந்த நிறம் வரம்பைத் தாண்டுகிறதோ அந்த நிறத்தின் செறிவை மட்டும் கொஞ்சம் தணிக்கிறேன். பளிச்சென்ற படம் வேண்டும் என்பவரிடம் செறிவைக் குறைக்கச் சொல்வது முரணாகத் தோன்றலாம். சிவப்பின் எண் உச்ச அளவான 255இல் போய் முட்டிக்கொண்டு நின்றால், மடிப்பின் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வேறுபாடு இல்லாமல், துணி காகிதம்போல் தட்டையாகிவிடும். இரண்டு படி தணித்தால் மடிப்புகள் திரும்பி வருகின்றன, மடிப்போடு நிறத்துக்கு உயிரும் வருகிறது.

அடுத்தது அளவைக் குறைத்தல். கேமராவில் 6000 பிக்சல் அகலத்தில் எடுத்ததை 1200 பிக்சலாக்கித் தளத்தில் போடுகிறேன். இந்தக் கட்டத்தில்தான் ஸ்க்வூஷ் என்னை முதன்முதலில் வியக்க வைத்தது. அதன் 'ரீசைஸ்' பகுதியில் 'லீனியர் ஆர்ஜிபி' என்றொரு கட்டம் உண்டு. அது இயல்பிலேயே தேர்வாகி இருக்கும். அதை எடுத்துவிட்டுப் பார்த்தால் சேலை இருண்டுபோகிறது, சேலை என்பதைவிட, சேலையின் புள்ளிகள் இருண்டுபோகின்றன. படக் கோப்பில் எழுதப்படும் எண்கள் ஒளியின் அளவுக்கு நேர்விகிதத்தில் இருப்பதில்லை. ஒரு கறுப்புப் பிக்சலையும் ஒரு வெள்ளைப் பிக்சலையும் கலந்து ஒன்றாக்கும்போது எண்களை மட்டும் சராசரி பார்த்தால் 128 வரும். உண்மையான ஒளியைச் சராசரி பார்த்தால் 188 வர வேண்டும். அடர்ந்த அரக்குத் தளத்தில் கடுகளவு வெண்புள்ளிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும் சுங்குடிக்கு இதைவிடக் கடுமையான சோதனை வேறில்லை. பல மென்பொருள்கள் இன்றும் எண்களையே சராசரி பார்க்கின்றன. அந்தக் கட்டத்தை ஒருபோதும் எடுக்காதீர்கள்.

சுங்குடியைப் பற்றி இங்கே ஒரு சொல் சொல்ல வேண்டியிருக்கிறது. மதுரையின் சௌராஷ்டிரப் பெண்கள் துணியை நகக்கண்ணில் கிள்ளி நூலால் முடிச்சுப் போட்டு, அதன் பிறகு சாயத்தில் முக்கி எடுக்கும் முறையில் உருவாவது அந்தப் புள்ளி. கையால் முடிந்த புள்ளி முழு வட்டமாக இராது; ஓரம் சற்றே கலைந்து, சாயம் உள்ளே ஓர் இழை ஊர்ந்திருக்கும். மெழுகு அச்சிலோ திரை அச்சிலோ வரும் புள்ளி ஒரே வார்ப்பாக இருக்கும். விவரமறிந்தவர்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது இந்த ஓரத்தைத்தான். கை முடிச்சுக்கு உரிய விலையைக் கேட்கும் கடைக்கு, அந்த ஓரம் கலங்காமல் இருப்பது நிறம் சரியாக இருப்பதற்குச் சமமான தேவை. ஜேபெக் வடிவம் முதலில் கைவைப்பதோ அந்த ஓரத்தின்மேல்தான்.

ஜேபெக், படத்தை வெளிச்சம் என்றும் நிறம் என்றும் இரண்டாகப் பிரித்து வைக்கிறது. மனிதக் கண் வெளிச்சத்தின் நுட்பத்தைக் காணும் அளவுக்கு நிறத்தின் நுட்பத்தைக் காண்பதில்லை என்ற நியாயத்தில், வழக்கமான சுருக்கத்தில் நான்கு பிக்சல்களுக்கு ஒரே நிறத்தகவலைப் பொதுவாக வைத்துவிடுகிறது. வானத்துக்கும் முகத்துக்கும் அது பரவாயில்லை. மூன்று பிக்சல் அகலமுள்ள வெண்புள்ளி சிவப்புத் தளத்தில் இருக்கும்போது, புள்ளியின் ஓரப் பிக்சல் பக்கத்துச் சிவப்போடு நிறத்தைப் பங்கிட்டுக்கொள்கிறது. விளைவு, வெண்புள்ளி ரோஜா நிறமாகிறது. சிவப்பும் அந்த இடத்தில் வெளுக்கிறது. தள்ளி நின்று பார்க்கும்போது சேலை முழுவதுமே ஒரு பிடி சாம்பல் தூவியதுபோல் தெரியும். செறிவைக் கூட்டி இதைச் சரிசெய்ய முயல்பவர்கள் புள்ளியை இன்னும் ரோஜாவாக்குகிறார்கள்.

ஸ்க்வூஷின் இயல்பான தேர்வு மோஸ்ஜேபெக் என்ற ஜேபெக் சுருக்கி, தரம் 75. அந்த நிலையில் மேலே சொன்ன பங்கீடு நடக்கிறது. தரத்தை 90க்கு ஏற்றினால் பங்கீடு தானாக நின்றுவிடும், ஆனால் கோப்பு வீங்கும். நான் செய்வது வேறு. 'அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்' பகுதியைத் திறந்து, 'ஆட்டோ சப்சாம்பிள் குரோமா' என்ற தேர்வை எடுத்துவிட்டு, கீழே வரும் அளவுகோலை 1இல் வைக்கிறேன். தரத்தை 78 அல்லது 80இல் நிறுத்துகிறேன். என் சேலைப் படங்களில் இதனால் கோப்பின் அளவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடியது, புள்ளிகள் வெள்ளையாகத் திரும்பின. 'செபரேட் குரோமா குவாலிட்டி' என்ற இன்னொரு தேர்வைக் கொண்டு நிறத்துக்கு மட்டும் தனித் தரம் கொடுக்கலாம். வாடாமல்லி நிறச் சேலைக்கு அது உதவியது, மற்றவற்றில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. அதே பகுதியில் 'பாயின்ட்லெஸ் ஸ்பெக் கம்ப்ளையன்ஸ்' என்றும் ஒரு கட்டம் இருக்கிறது. 'பயனற்ற விதிப்பற்று' என்று அதைத் தமிழாக்கலாம். கருவியை எழுதியவர்களின் குறும்பு அது, தொட வேண்டியதில்லை.

வெப்பி வடிவத்தைச் சேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அளவைக் குறைக்கப் படத்தின் சில தகவல்களைக் கைவிடும் இழப்புள்ள வெப்பியில் நிறப் பங்கீட்டை நிறுத்தும் வழியே கிடையாது. தரத்தை நூறாக்கினாலும் நான்கு பிக்சலுக்கு ஒரு நிறம்தான். ஸ்க்வூஷ் தரும் 'ஷார்ப் ஆர்ஜிபி' மாற்றத் தேர்வு அந்தப் பங்கீட்டைக் கொஞ்சம் புத்தியோடு செய்கிறது, புள்ளியின் விளிம்பு ஓரளவு தப்புகிறது, அவ்வளவே. ஏவிஃப் அப்படியன்று. அதில் பங்கீட்டை முழுவதும் நிறுத்தலாம், அப்போதும் கோப்பு ஜேபெக்கைவிடச் சிறியதாக வருகிறது. 2020இல் குரோமும், 2021இல் பயர்பாக்ஸும், 2022இல் சஃபாரியும் அதைக் காட்டத் தொடங்கிவிட்டதால், இன்றைய கைப்பேசிகளில் பெரும்பாலானவற்றுக்கு அது பொருந்தும். பழைய கைப்பேசிகளுக்காக ஜேபெக் ஒன்றையும் உடன் வைக்கிறேன். மிகவும் குறைந்த தரத்தில் ஏவிஃப் துணியின் இழையை மெழுகிவிடும் என்பதைக் கவனிக்க வேண்டும். பருத்தி நெசவு பட்டுபோல் வழவழப்பாகத் தெரிந்தால், அதுவும் பொய்தான்.

குறைகளுக்கு வருகிறேன். ஸ்க்வூஷ் எழுதும் கோப்பில் கலர் புரொஃபைல் இராது. எண்கள் எஸ்ஆர்ஜிபியாக இருப்பதால், புரொஃபைல் இல்லாததை எஸ்ஆர்ஜிபி என்று கொள்ளும் உலாவியில் தொல்லை இல்லை. ஆனால் அகன்ற வண்ணத் திரையில், அப்படிக் கொள்ளாத செயலியில் திறந்தால், நிறங்கள் பூதாகரமாகத் தெரியும். வழக்கமான எஸ்ஆர்ஜிபி புரொஃபைலின் எடை சுமார் 3 கிலோபைட்தான். அதை வைத்துக்கொள்ளவா என்று கேட்கும் கட்டம் ஒன்றாவது இந்தக் கருவியில் இருந்திருக்கலாம். நான் எக்ஸிஃப்டூல் என்ற, கோப்பின் உட்குறிப்புகளைத் திருத்தும் கருவியைக் கொண்டு அதைப் பின்னர் சேர்த்துவிடுகிறேன். ஐபோன் எடுக்கும் ஹீக் வடிவப் படக் கோப்பை குரோமில் ஓடும் ஸ்க்வூஷ் திறக்காது. கைப்பேசியின் கேமரா அமைப்பில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று மாற்றி ஜேபெக்காக எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு நேரத்தில் ஒரு படம்தான். தீபாவளிக்கு முந்தைய வாரம் நாற்பது சேலைகள் ஒன்றாக வந்து இறங்கியபோது இதில் உட்கார்ந்து வேலை செய்ய முடியவில்லை. ஒரு சேலையை ஸ்க்வூஷில் பார்த்து அளவுகளை முடிவுசெய்துகொண்டு, மற்றவற்றைக் கட்டளை மூலம் இயங்கும் இமேஜ்மேஜிக் என்ற கருவியில் மொத்தமாக ஓட்டினேன். இமேஜ்மேஜிக்கும் தரம் 90க்குக் கீழே போனால் நிறப் பங்கீட்டைத் தானாகத் தொடங்கிவிடும் என்பதால், வேண்டாம் என்று கட்டளையிலேயே எழுத வேண்டும்.

கருவியைக் குற்றம் சொல்ல முடியாத ஓர் இடம், பதிவேற்றியதற்குப் பிந்தைய நிலை. வேர்ட்பிரஸ் போன்ற தள மென்பொருள்கள், நாம் போடும் படத்திலிருந்து பல அளவுகளில் சிறு படங்களைத் தாமே உருவாக்குகின்றன. வேர்ட்பிரஸ் 2016 முதல் அவற்றை 82 தரத்தில் எழுதுகிறது. நாம் கவனமாகக் காப்பாற்றிய வெண்புள்ளி அங்கே மறுபடி ரோஜாவாகிவிடும். பக்கத்தில் எந்த அகலத்தில் படம் தெரியப்போகிறதோ அதே அகலத்தில் தயாரித்து, முழு அளவுப் படத்தையே பக்கத்தில் வைக்கும்படி அமைத்தால் இதிலிருந்து தப்பலாம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆயிற்று, அதுவரை பாவம், ஸ்க்வூஷைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

மொத்தத்தில் நிறத்தின் அருமை தெரிந்தவர்கள் எழுதிய கருவி இது. காசில்லை, விளம்பரமில்லை, கணக்குத் தொடங்கச் சொல்லும் தொல்லையும் இல்லை. பத்துப் படம், இருபது படம் போடும் சிறு கடைக்கும் கைவினைஞருக்கும் இதைத் தயங்காமல் சொல்வேன். எஸ்ஆர்ஜிபி மாற்றத்தை முன்னரே முடித்துவிடுவதும், நிறப் பங்கீட்டை நிறுத்துவதும் அவர்கள் கையில் இருக்கின்றன. நூற்றுக்கணக்கில் போடுபவர்களுக்கு இது உரைகல்லாக மட்டுமே பயன்படும்.

மயில்கழுத்துச் சேலைக்கு மட்டும் இன்னும் வழி பிறக்கவில்லை. ஏவிஃபில் பி3 நிறத்தை வைக்க முடியும் என்றாலும் ஸ்க்வூஷ் வழியாக அது வராது. வேறு வழியில் கொண்டுவந்தாலும், வாங்குபவர் தம் கைப்பேசித் திரையை 'விவிட்' என்ற பளபளப்பு அமைப்பில் வைத்திருந்தால், எங்கள் கணக்கெல்லாம் அங்கே மாறிவிடும். அக்கா ஒரு முடிவு செய்தார். எல்லாப் படத்தின் கீழும் நிறத்தின் பெயரை எழுதச் சொன்னார்: அரக்கு, கிளிப்பச்சை, வாடாமல்லி, மயில்கழுத்து. அந்தச் சேலையைக் கேட்டுத் தொலைபேசியில் அழைக்கும் பெண்கள் படத்தைப் பற்றிப் பேசுவதில்லை, "மயில்கழுத்துன்னு போட்டிருக்கீங்களே, அது இருக்கா?" என்றுதான் கேட்கிறார்கள்.